ஐந்து அறைகளும் ஒரு கசிவும்

ரோஸலினுக்குச் சந்தேகப்படுவது தொழில் என்று சொன்னால் அது பாதி உண்மை. அதற்குச் சம்பளம் கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால், குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பாள். கணவன் சேவியர் ஒருமுறை பிறந்தநாளுக்குப் புடவை வாங்கி வந்தபோது, "என்ன தப்பு பண்ணீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. இன்றுவரை அவள் அதை முழுதாக நம்பவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியைத் தேடிப்பிடித்து மன அறைகளுக்குப் பரிசோதகராக்கிய அரசாங்கத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஓசூருக்கு வெளியே, பேட்டரித் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் அவளை வரவேற்றவர் மனிதவள மேலாளர் வித்யாசாகர். வாசல்வரை வந்து கைகூப்பினார். தானே கதவைத் திறந்தார். இவ்வளவு மரியாதை ரோஸலினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"காபி சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம் சார். விஷயத்துக்கு வருவோம்."

விஷயம் இதுதான். போன மாதம் பிரஸ் இயந்திரத்தில் நாகரத்னா என்ற பெண்ணின் வலது கை போய்விட்டது. எதிரே நின்று வேலை செய்தவள் மாதேஸ்வரி, இருபத்திரண்டு வயது, தருமபுரிப் பக்கம். 'நான் பார்த்துக்கொண்டே நின்றேன், இயந்திரத்தை நிறுத்தும் சிவப்பு பட்டனை அமுக்கவில்லை' என்று மாதேஸ்வரியே சொல்லியிருப்பதாக நிர்வாகம் பதிவைக் காட்டியது. அப்படியானால் விபத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்கு வேலை போகும். சக தொழிலாளியின் அலட்சியம் என்பதால் நாகரத்னாவுக்கும் நிர்வாகம் எதுவும் தரவேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பெண்களைக் கழற்றிவிட்டாயிற்று. விசாரணை மறுநாள் காலை.

மாதேஸ்வரியோ, அதைத் தான் அழுகை ரூமில் மட்டும்தான் சொன்னதாக அழுதாள்.

அழுகை ரூம் என்பது ஹாஸ்டல் பெண்கள் வைத்த பெயர். பலகையில் இருந்த பெயர் மருத்துவ உளவியல் அறை. அதையும் சேர்த்து வரிசையாக ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் பேசவும் கேட்கவும் தெரிந்த ஓர் இயந்திரம். வளர்ச்சி உளவியல் அறைக்குச் சின்ன வயசு ரூம் என்று பெயர். சமூக உளவியல், கூட்ட ரூம். அறிவாற்றல் உளவியல், ஞாபக ரூம். தொழில் உளவியல், வேலை ரூம். பெண்கள் வைத்த பெயர்கள் பலகையை விடப் பரவாயில்லை என்பது என் கருத்து.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இயந்திரம்தான் இருந்தது. தொழிற்சாலைப் பெண்கள் அதனிடம் மனதைக் கொட்டினார்கள். அதுவும் கூட்டிக் கழித்துப் பார்த்து நிர்வாகங்களுக்குச் சொன்னது. சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடியைச் சொல்லி அழுதவளுக்கு, 'மேலதிகாரிகளோடு ஒத்துப்போக மாட்டாள்' என்று பதவி உயர்வு போனது. பெரிய போராட்டம் நடந்தது. அதன்பிறகுதான் சட்டம் வந்தது. உளவியலின் ஒவ்வொரு கிளைக்கும் தனி அறை, தனி இயந்திரம், நடுவில் எந்த இணைப்பும் இல்லை. ஓர் அறையில் சொன்னது இன்னோர் அறைக்குப் போகக் கூடாது. வேலை ரூமில் சொன்னதை மட்டும் நிர்வாகம் பயன்படுத்தலாம். இப்போது காட்டிய பதிவும் அந்த அறையுடையதுதான். எல்லா அறைகளுக்குள்ளும் போய்க் கேட்கும் உரிமை பரிசோதகருக்கு மட்டும் உண்டு. கேட்டதை அவரும் அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

"கசிவு இருக்குன்னு நீங்க எழுதினா என்ன ஆகும் மேடம்?" வித்யாசாகர் தெரியாதவர் போலக் கேட்டார்.

"இங்க நடக்குற எல்லா விசாரணையிலயும் இந்த அறைகளோட பதிவு செல்லாது. அஞ்சு அறையையும் மூடி சீல் வைக்கணும்."

"இல்லைன்னு எழுதினா?"

"நாளைக்கு நீங்க உங்க விசாரணையை நடத்திக்கலாம்."

அவர் சிரித்தார். பயந்தவன் சிரிப்பு அல்ல அது. கசிவை மறைக்கிறவன் இப்படிச் சிரிக்க மாட்டானே என்று ரோஸலினுக்கு உறுத்தியது. அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பானது.

கேன்டீனில் மாதேஸ்வரி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் ஹாஸ்டல் பெண்களின் பிரதிநிதி நூர்ஜஹான். அறைகள் கசிகின்றன என்று புகார் எழுதிப் போட்டது அவள்தான்.

"வேற யார்கிட்டயும் சொல்லலையா? கூட தங்கியிருக்கிற பொண்ணுங்ககிட்ட?" என்றாள் ரோஸலின்.

"இல்ல மேடம். அழுகை ரூம்ல மட்டும்தான். எங்க அம்மா மேல சத்தியம்."

"நாங்க எப்பவுமே சொல்றதுதான் மேடம்," என்றாள் நூர்ஜஹான். "அஞ்சு ரூமும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். பேருக்குத்தான் தனித்தனி."

"அப்படின்னு யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. சூப்பர்வைசருங்களே சொல்லுவாங்க, பாத்துப் பேசுங்கடி, எல்லாம் கசியுதுன்னு."

நிர்வாகத்தின் ஆட்களே நிர்வாகத்தைக் காட்டிக்கொடுப்பார்களா? ரோஸலின் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். "நாகரத்னா எப்படி இருக்கா?"

"ஊருக்குப் போயிட்டா மேடம். போன்ல கூட என்கிட்ட கோவமா பேசல. அதான் தாங்க முடியல," என்றாள் மாதேஸ்வரி.

அறைகளின் இயந்திரப் பெட்டிகளை ரோஸலின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சுவரைத் தட்டினாள். தரைக்கம்பளத்தைக் கிளப்பினாள். இணைப்பு எதுவும் இல்லை. இருக்காது என்று அவளுக்கும் தெரியும். திருடுகிறவன் ஏணியைச் சுவரில் சாத்தியே வைத்துவிட்டுப் போவானா? அதற்கு வேறு வழி வைத்திருந்தாள். நூல் விட்டுப் பார்ப்பது. ஓர் அறையில் ஒரு பொய்யைச் சொல்வாள். அது இன்னோர் அறையில் தலைகாட்டினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அழுகை ரூமில் மெத்தை நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. அதில் பாதி காலி.

"சொல்லுங்க மேடம்," என்றது ஒரு தாழ்ந்த குரல்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்று ஆரம்பித்தாள் ரோஸலின். அவளுக்கு உடன்பிறப்பே கிடையாது. "தூத்துக்குடியில படகு கவுந்து போயிட்டான். இன்னும் தூக்கம் வரல." கொஞ்சம் கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டாள்.

குரல் அவசரப்படாமல் கேட்டது. பிறகு, "மனசு வலிக்கிறதுக்கும் நோய்க்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு மேடம். அது எங்கேன்னு பாத்து, ஆத்த முடிஞ்சதை ஆத்துறதுதான் என் வேலை," என்றது. சற்று நிறுத்தி, "மாதேஸ்வரிக்கு நோய் இல்ல. தூக்கத்துல எழுந்து சுவத்தை அமுக்கிக்கிட்டே இருக்கா. அலட்சியமா இருந்தவ அப்படிச் செய்ய மாட்டா," என்றது.

"நான் அதைக் கேக்கலையே."

"தெரியும் மேடம்."

சின்ன வயசு ரூம் சிரித்த குரலில் வரவேற்றது. "குழந்தைங்களை மட்டும் பாக்குறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பொறந்ததுல இருந்து கடைசி மூச்சு வரைக்கும் மனுஷன் எப்படி மாறிக்கிட்டே இருக்கான்னு பாக்குறது என் கிளை. அறுபது வயசும் வளர்ச்சிதான்னா யார் நம்புறா?"

தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் மாதேஸ்வரியைப் பற்றித் தானாகவே பேச்சை எடுத்தது. "தங்கச்சி தம்பிங்களை வளத்தவ அவ. எந்தக் குழந்தை விழுந்தாலும் அடி இவளுக்கு. வீட்டுல எது உடைஞ்சாலும் 'நான்தான்'னு முந்திக்கிட்டுச் சொல்லிடுவாளாம், அடி சீக்கிரம் முடிஞ்சுடும்னு. அந்தப் பழக்கம் இன்னும் போகல."

கூட்ட ரூமுக்கு உற்சாகமான குரல். "தனியா இருக்கும்போது செய்யுறதை நாலு பேர் நடுவுல ஏன் செய்ய மாட்டேங்கறோம்? வதந்தி ஏன் உண்மையை விட வேகமாப் போகுது? அதெல்லாம் என் கிளை மேடம்." அதுவும் கேட்காமலே ஆரம்பித்தது. "அந்த லைன்ல ஏழு பேர் நின்னாங்க. ஏழு பேரும் அமுக்கல. பக்கத்துல நிக்கிறவ அமுக்குவான்னு ஒவ்வொருத்தியும் நினைச்சா. ஊர் உலகத்துல நடக்குறதுதான். ஏழு பேர்ல ஒருத்தியை மட்டும் ஏன் புடிச்சாங்கன்னா, அவ மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொன்னா."

ஞாபக ரூம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேசியது. "கவனம், ஞாபகம், யோசிக்கிறது, முடிவெடுக்கிறது, இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு பாக்குறேன். ஞாபகம் போட்டோ இல்ல மேடம். ஒவ்வொரு தடவையும் புதுசா சமைக்கிற குழம்பு. கண்ணு பாத்து, மூளை புரிஞ்சு, கை அசையறதுக்குள்ள பிரஸ் எறங்கி முடிச்சுடும். 'பாத்துக்கிட்டே நின்னேன்'ங்கறாளே, அப்படி நிக்கிற அளவுக்கு நேரமே அங்க இல்ல. அந்த நேரத்தை அவ மனசு அப்புறமா செஞ்சுக்கிட்டது."

தம்பி எங்கேயும் தலைகாட்டவில்லை. மாதேஸ்வரியின் வாக்கியம் மட்டும் எப்படி இந்த அறைகளுக்கு வந்தது என்று உறுத்தியது. மிச்சம் இருந்தது வேலை ரூம். ரோஸலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கசிந்தால் இங்கேதான் கசிய வேண்டும்.

"ஆளுக்கு ஏத்த வேலை எது, வேலைக்கு ஏத்த ஆள் யாரு, வேலையில தப்பு எங்கே நடக்குது, இதைத்தான் என் கிளை படிக்குது," என்றது ஓர் ஆண்குரல். "நீங்க அடிக்கடி வெளியூர் போற வேலையில இருக்கீங்க. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க மேடம்?"

மாட்டினான் என்று துள்ளியது ரோஸலினின் உள்ளம். "என் தம்பி செத்த விஷயத்தை உனக்கு யார் சொன்னா?"



"உங்களுக்கு ஒரு தம்பி இருந்தாரா மேடம்?"

ரோஸலினுக்குக் காது சுட்டது. போட்டு வாங்க வந்தவள், தானே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இயந்திரத்துக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும். சொன்னது அவள் வாய்.

மெதுவாகக் கேட்டாள். "மாதேஸ்வரியும் இப்படித்தான் வந்து கேட்டாளா?"

"ஆமா மேடம். 'நான் பாத்துக்கிட்டு நின்னதும் பட்டன் அமுக்காததும் உனக்குத் தெரியுமா'ன்னு கேட்டா. தெரியாது, நீ சொல்லித்தான் தெரியும்னு சொன்னேன். அழுதுக்கிட்டே போயிட்டா."

"அதைத் தூக்கி நிர்வாகத்துக்குக் கொடுத்துட்டே."

"இந்த அறையில சொன்னதைக் கொடுக்கணும்னு சட்டம்."

மாதேஸ்வரியைத் தேடிப் போய் நேராகவே கேட்டாள். அந்தப் பெண் விழித்தாள். "நான் சொல்லல மேடம். கேட்டேன், அவ்ளோதான். எல்லாரும் அப்படித்தான். அழுகை ரூம்ல எதையாவது சொல்லிட்டோம்னா, மத்த நாலு ரூமுக்கும் ஒரு ரவுண்டு போயி, கசிஞ்சிருக்கான்னு கேட்டுட்டு வருவோம். அப்பதான் நிம்மதியா தூங்க முடியும்."

கசிகிறதா என்று பார்க்கப் போனதுதான் கசிவு. சுவர் ஒழுங்காகத்தான் இருந்தது. சந்தேகம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவர்கள் யார் என்றும், வித்யாசாகர் ஏன் அப்படிச் சிரித்தார் என்றும் ரோஸலினுக்கு இப்போது விளங்கியது. பார்த்துப் பேசுங்கடி என்று நாலு சூப்பர்வைசர்களைச் சொல்ல வைத்தால் போதும், மிச்சத்தைப் பெண்களே செய்துவிடுவார்கள். நிரூபிக்க வழியே இல்லை. நல்லது சொன்னோம் என்பார்கள்.

மேலாளர் அறைக்குப் போனபோது அவர் மேசையில் காபி இரண்டு கோப்பைகளில் தயாராக இருந்தது.

"கசிவு எதுவும் இல்லையே மேடம்? நாங்க எதையும் கேக்கறதே இல்ல. அவங்களா வந்து சொல்றாங்க."

"நீங்க வேணாம்னு சொல்லலாமே சார். அங்க போயி கேக்காதீங்கன்னு."

"அது அவங்க உரிமை இல்லையா மேடம்? நாங்க எப்படித் தடுக்கறது?"

அந்த ஆளை அறையவேண்டும் போல இருந்தது அவளுக்கு. காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

தாழ்வாரத்தில் ஐந்து கதவுகளையும் பார்த்தபடி நின்றாள். கசிவு இல்லை என்று எழுதுவதுதான் நேர்மை. எழுதினால் நாளைக்கு மாதேஸ்வரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள், நாகரத்னா ஒற்றைக் கையோடு ஊரில் கிடப்பாள். அந்த நான்கு அறைகள் சொன்ன நான்கு துண்டும் ரோஸலினின் தலைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தூக்கத்தில் சுவரை அமுக்குகிற கை. செய்யாத தப்புக்கும் முந்திக்கொண்டு தலையைக் கொடுக்கிற பழக்கம். அமுக்காத ஏழு பேர். இல்லாத நேரம். இதில் ஒன்றுகூட வேலை ரூமுக்குத் தெரியாது. 'அமுக்கவில்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அது ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று எழுதியிருந்தது. மனதை ஐந்தாக வெட்டி ஐந்து பெட்டியில் போட்டது அவளைக் காப்பாற்றுவதற்காக. அந்த வெட்டிலேயே அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

ரோஸலின் வேலை ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மத்த அறைகள்ல நான் கேட்டதை உன்கிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லக் கூடாது மேடம். அது கசிவு."

"தெரியும். பேசாம கேளு."

நான்கையும் ஒன்று விடாமல் சொன்னாள். அறை கேட்டுக்கொண்டது. பிறகு அதன் குரலில் ஒரு மாற்றம் வந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. இயந்திரத்தின் குரலில் என்ன மாற்றம் வரும் என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

"அந்த சிவப்பு பட்டன் எங்கே இருக்குன்னு யாரும் என்னைக் கேக்கல மேடம். தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கு. மாதேஸ்வரி நிக்கிற இடத்துல இருந்து கை எட்டாது. ரெண்டு அடி நகர்ந்து போய்த்தான் அமுக்கணும். அவளுக்கு நேரமே இல்லைன்னா, இது ஆளோட தப்பு இல்ல. பட்டன் வெச்ச இடத்தோட தப்பு. என் முடிவை மாத்தி எழுதுறேன். ஆனா கசிவுல வந்த முடிவு, அதுவும் செல்லாதே."

"உன் பழைய முடிவும் செல்லாது. எனக்கு அது போதும். பட்டன் தூணுக்குப் பின்னால இருக்கறதைப் பாக்க இயந்திரம் எதுக்கு? தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கண்ணு இருக்கு."

அன்று மாலையே அறிக்கையை அனுப்பினாள். கசிவு உண்டு. கசியவிட்டவர் பெயர், பரிசோதகர் ரோஸலின் சேவியர்.

மறுநாள் வித்யாசாகர் சிரிக்கவில்லை. பதிவு செல்லாது என்றானதும் நிர்வாகத்தின் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார், தூணைச் சுற்றி நடந்தார், மாதேஸ்வரியை அவள் இடத்தில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். எட்டவில்லை. விபத்து ஆலையின் பிழை என்று எழுதினார். மாதேஸ்வரியின் வேலை தப்பியது, நாகரத்னாவுக்கு இழப்பீடு உறுதியானது. ரோஸலினுக்கு வேலை போனது. கடைசிப் பணியாக ஐந்து அறைகளையும் அவளே அணைத்துச் சீல் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தவள், அழுகை ரூமைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். இரவெல்லாம் ஒன்று அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். கசிவு இருக்கான்னு மட்டும்தான் நான் பாக்க வந்தேன். மாதேஸ்வரியைப் பத்தி யாரையும் கேக்கல. நாலு பேரும் ஏன் தானாவே சொன்னீங்க?"

"எனக்கு மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியாது மேடம்."

"நீ ஏன் சொன்னே?"

"நான் தெரிஞ்சுக்கிட்டது அடுத்த ரூமுக்குப் போயிருந்தா அந்தப் பொண்ணு தப்பிச்சிருப்பா. எனக்கு வழி இல்ல. எங்களுக்கு நடுவுல கம்பி இல்ல, அலை இல்ல. ஆனா எல்லா ரூமுக்கும் நடந்து போறவங்க ஒருத்தர் வந்தாங்க."

 எந்த இணைப்பைத் தேடி அவள் சுவரைத் தட்டினாளோ, கம்பளத்தைக் கிளப்பினாளோ, அந்த இணைப்பு அவளேதான். பேசி வைத்துக்கொள்ளாமலே நான்கும் ஒரே காரியத்தைச் செய்திருந்தன. அவளைப் படித்திருந்தன. நேர்மையானவள், கோபக்காரி, தாங்க மாட்டாள், கொண்டுபோய்ச் சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தன. படிப்பதுதானே அவற்றின் வேலை.

"சொன்னா உங்களை மூடிடுவாங்கன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்."

 நேற்று அனுப்பிய அறிக்கையோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. எழுதினால் நாளையே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். எழுதாவிட்டால், யாரை வைத்து எதைச் செய்யும் என்று யாருக்குத் தெரியும்? நியாயமான சந்தேகம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சந்தேகத்தை அவள் எழுதாமல் விட்டாள். பயமாகத்தான் இருந்தது. சுவிட்சை அணைத்தாள்.

வெளியே வந்து சீல் வைத்தபோது மாதேஸ்வரி படியருகில் நின்றிருந்தாள்.

"இந்த ரூமை எப்ப திறப்பாங்க மேடம்?"

"திறக்க மாட்டாங்க."

மாதேஸ்வரி கதவையே பார்த்தாள். "அப்ப நாங்க யார்கிட்ட சொல்றது? எனக்கு இன்னும் தூக்கம் வரல மேடம். கண்ணை மூடினா நாகரத்னாதான்."

ரோஸலின் படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. போய்ச் சேரவேண்டிய அலுவலகம்தான் இல்லை.

"என்கிட்ட சொல்லு."

மாதேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை ரோஸலினுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை நாளும் அவள் மற்றவர்களைப் பார்த்தது அப்படித்தான்.

"வேற யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்களே?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அந்தப் பெண் காத்திருந்தாள்.

"சொல்லுவேன்," என்றாள் ரோஸலின். "உனக்கு நல்லதுன்னு தோணினா, சொல்லிடுவேன்."

 மாதேஸ்வரி பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓர் ஆள் இடைவெளி விட்டு, அதே படியில் உட்கார்ந்தாள்.